பழைய கேம் காட்சியை அடுக்கடுக்காகப் பிரித்துப் பதிவு செய்வது எப்படி

பழைய வீடியோ கேம் காட்சியிலிருந்து ஓடும் ஆளை மட்டும் தனியே எடுக்க வேண்டும், அல்லது பின்னால் நகரும் மலையை மட்டும் எடுக்க வேண்டும் என்றால், எடிட்டிங் மென்பொருளைத் திறப்பதற்குள் வேலையில் முக்கால் பங்கு முடிந்திருக்க வேண்டும். சேலம் அஸ்தம்பட்டியில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறவள் நான். கிரீன் மேட் முன்னால் நிறுத்தி எடுத்த காட்சியில் தலைமுடி ஓரத்துப் பச்சையைத் துடைத்தெடுப்பது எனக்கு அன்றாட வேலை. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன், கேம் காட்சிக்கு அந்த வழி வேண்டவே வேண்டாம். மண்டபத்தில் மணப்பெண்ணும் பின்னாலிருக்கும் சுவரும் கேமராவுக்குள் ஒன்றாகவே வந்து விழுகின்றன. பிறகு பிரிக்காமல் வேறு வழி கிடையாது. கேம் இயந்திரமோ படத்தை அடுக்கடுக்காகவே வைத்திருந்து, திரைக்கு அனுப்பும்போதுதான் ஒட்டுகிறது. ஒட்டுவதற்கு முன்பே ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கிவிடலாம்.

இதை எழுத வைத்தவன் என் அண்ணன் மகன். அனிமேஷன் படிக்கிறான். எங்கள் மொட்டை மாடியிலிருந்து வடக்கே தெரியும் சேர்வராயன் மலையைப் பிக்சல் ஓவியமாக வரைந்திருந்தான். தொலைவில் நீல முகடு, நடுவில் ஏற்காட்டுப் பாதை வளைந்தேறும் சரிவு, முன்னால் சில்வர் ஓக் மரங்களும் காப்பிச் செடிகளும். அதன் முன்னால், நின்டெண்டோவின் பழைய கேம் இயந்திரமான சூப்பர் ஃபேமிகாம் காலத்து நாயகன் ஒருவன் ஓட வேண்டும் என்பது அவன் ஆசை. நாயகனைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு வந்தவன், “அத்தை, உடம்பெல்லாம் ஓட்டை விழுகிறது, பாருங்கள்” என்றான். எட்டு மடங்கு பெரிதாக்கிப் பார்த்தோம். தொப்பியின் விளிம்பு, மீசை, காலணி என்று கறுப்புக் கோடு இருந்த இடத்திலெல்லாம் அவன் வரைந்த மலை எட்டிப் பார்த்தது. கேமின் அடிநிறமும் கறுப்பு, நாயகனைச் சுற்றியுள்ள கோடும் கறுப்பு. கறுப்பை எடு என்று சொன்னால் மென்பொருள் இரண்டையும் சேர்த்தே எடுக்கும். “கண்ணு, இதை அறுக்க வேண்டாம். இயந்திரத்திடமே கேட்போம்” என்றேன்.

எந்த இயந்திரத்தில் எத்தனை அடுக்கு

முதலில் எதைப் பிரிக்க முடியும் என்று தெரிந்துகொள்ளுங்கள். நகரும் ஆள், எதிரி, தோட்டா போன்ற சிறு துண்டுகளை ஸ்பிரைட் என்கிறோம். அவற்றுக்குப் பின்னாலும் முன்னாலும் சிறு கட்டங்களால் ஆன பின்னணி அடுக்குகள் இருக்கும். எல்லாவற்றுக்கும் அடியில், எதுவும் வரையப்படாத இடத்தில் தெரிவது அடிநிறம்.

1983-இல் வந்த ஃபேமிகாமில் ஒரே ஒரு பின்னணிதான். ஸ்பிரைட் 64, ஒரு கிடைவரியில் 8-க்கு மேல் காட்டாது. 1988-இல் வந்த மெகா டிரைவில் ஏ, பி என்று இரண்டு தளங்கள், விண்டோ என்று ஒரு நிலையான பகுதி, அதற்கு மேல் ஸ்பிரைட்டுகள். 1990-இல் வந்த சூப்பர் ஃபேமிகாமில் பின்னணி எத்தனை என்பது கேம் தேர்ந்தெடுத்திருக்கும் முறையைப் பொறுத்தது: முறை 0-இல் நான்கு, பெரும்பாலான கேம்கள் பயன்படுத்தும் முறை 1-இல் மூன்று, படத்தையே சுழற்றிச் சாய்க்கும் முறை 7-இல் ஒன்று. கேம் பாய் அட்வான்ஸில் அதிகபட்சம் நான்கு.

கையில் இருக்கும் கேமில் எந்த அடுக்கில் என்ன இருக்கிறது என்று ஊகிக்காதீர்கள். மறைத்துப் பாருங்கள். பழைய இயந்திரத்தின் வேலையைக் கணினியில் அப்படியே செய்து கேமை ஓட்டும் மென்பொருளை எமுலேட்டர் என்கிறோம். சூப்பர் ஃபேமிகாமுக்கான எமுலேட்டர் ஸ்னெஸ்9எக்ஸின் விண்டோஸ் பதிப்பில் விசைப்பலகையின் 1 முதல் 4 வரையிலான எண்கள் நான்கு பின்னணிகளையும், 5 ஸ்பிரைட்டுகளையும் மறைத்துக் காட்டும். சூப்பர் மாரியோ வேர்ல்டை ஓடவிட்டு 1-ஐ அழுத்தினால் தரை போய்விடும், மாரியோ அந்தரத்தில் நடப்பான். 2-ஐ அழுத்தினால் பின்னாலிருக்கும் குன்றுகள் போகும். 3-ஐ அழுத்தினால் மேலே இருக்கும் நேரமும் புள்ளிகளும் போகும், ஆனால் பெட்டிக்குள் சேர்த்து வைத்திருக்கும் காளான் மட்டும் அங்கேயே மிதக்கும். அது ஸ்பிரைட். இப்படி ஐந்து நிமிடம் தட்டிப் பார்த்துக் குறித்துக்கொண்டால் பிறகு வரும் குழப்பத்தில் பாதி இங்கேயே தீரும். மெகா டிரைவ் சோனிக்கில் மேலே தெரியும் எண்கள் முழுவதும் ஸ்பிரைட்டுகள். ஆளை மட்டும் எடுக்கிறேன் என்று ஸ்பிரைட்டை விட்டு மற்றதை மறைத்தால் அவையும் கூடவே வரும். அவை எப்போதும் ஒரே இடத்தில் இருப்பதால் அந்த மூலையை மறைத்துவிட்டால் போதும்.

ஒரே ஆட்டம், பல ஓட்டம்

இந்தக் குறிப்பின் உயிர் இந்தப் பகுதிதான். மற்றதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

அடுக்குகளை ஒவ்வொன்றாக மறைத்துப் பதிவு செய்ய வேண்டும். ஆனால் ஒவ்வொரு முறையும் நீங்கள் ஆடினால் ஓர் ஆட்டம் மற்றோர் ஆட்டத்தோடு ஒரு நாளும் ஒத்துப்போகாது. ஆகவே ஒரே ஒரு முறை ஆடுங்கள். படத்தை விட்டுவிட்டு நீங்கள் அழுத்திய பொத்தான்களை மட்டும் பதிவு செய்யுங்கள். எமுலேட்டர்களில் இதற்கு மூவி என்று பெயர். எந்தப் பிரேமில் எந்தப் பொத்தான் அழுந்தியிருந்தது என்பதைத் தவிர அந்தக் கோப்பில் பெரிதாக எதுவும் இராது. தொடக்க நிலையும் பொத்தான்களும் ஒன்றாக இருந்தால் எமுலேட்டர் எத்தனை முறை ஓடினாலும் அதே ஆட்டத்தைத்தான் ஆடும். எதிரி அதே பிரேமில் திரும்புவான், நாணயம் அதே பிரேமில் மின்னும்.

நான் பயன்படுத்துவது பிஸ்ஹாக் என்ற எமுலேட்டர். ஃபேமிகாம், சூப்பர் ஃபேமிகாம், மெகா டிரைவ், கேம் பாய் அட்வான்ஸ் எல்லாவற்றையும் அதிலேயே ஓட்டலாம். அடுக்கை மறைக்கும் வசதி ஒவ்வொன்றின் அமைப்புகளிலும் இருக்கிறது. ஃபைல் பட்டியலில் மூவி என்ற பகுதியில் பதிவைத் தொடங்கலாம். இயந்திரத்தை இயக்கும் கணத்திலிருந்தும் தொடங்கலாம், இப்போது நிற்கும் இடத்திலிருந்தும் தொடங்கலாம். வேண்டிய கட்டம் கேமின் நடுவில் இருந்தால் இரண்டாவது வழி நேரத்தை மிச்சப்படுத்தும்.

வேண்டிய காட்சியை ஆடி முடித்துப் பதிவை நிறுத்துங்கள். பிறகு மூவியை மாற்ற முடியாதபடி, வாசிப்பு நிலையில் ஓடவிடுங்கள். முதல் ஓட்டத்தில் எல்லா அடுக்கும் தெரியட்டும். ஒலியையும் இதிலேயே எடுத்துவிடுங்கள், பிறகு ஒலி தேவையில்லை. அடுத்த ஓட்டங்களில் வேண்டிய அடுக்கை மட்டும் வைத்து மற்றதை மறையுங்கள். ஓட்டத்துக்கு ஓட்டம் எமுலேட்டரின் பதிப்பையோ, அந்தந்த இயந்திரத்தை உள்ளே ஓட்டும் பகுதியான கோரையோ மாற்றக் கூடாது. எல்லாக் கோப்புகளிலும் பிரேம் எண்ணிக்கை அச்சாக ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு பிரேம் கூடினாலும் குறைந்தாலும் அந்த ஓட்டத்தை அழித்துவிட்டு மறுபடி எடுங்கள். நகர்த்தி ஒட்டிச் சரிசெய்யலாம் என்று உட்கார்ந்தால் ராத்திரி முழுவதும் அதிலேயே போகும்.

இன்னொன்று. அடுக்கை எமுலேட்டரின் காட்சி அமைப்பில்தான் மறைக்க வேண்டும். ஏமாற்றுக் குறியீடு போட்டுக் கேமுக்குள்ளேயே அடுக்கை அணைக்கும் வழியும் உண்டு, அது ஆபத்து. முதல் சூப்பர் மாரியோ பிரதர்ஸ் மேல் பட்டையை அசையாமல் வைக்க ஒரு தந்திரம் செய்கிறது. முதல் ஸ்பிரைட் பின்னணிப் பிக்சல் ஒன்றின் மீது படும் கணத்துக்காகக் காத்திருந்து, அது பட்ட பிறகே கீழ்ப்பகுதியை நகர்த்துகிறது. ஸ்பிரைட்டை உள்ளேயே அணைத்தால் அந்தக் கணம் வராது, கேம் அப்படியே உறைந்து நின்றுவிடும். எமுலேட்டரின் காட்சி அமைப்பில் மறைத்தால் உள்ளே கணக்கு ஓடிக்கொண்டிருக்கும், வரைவது மட்டும் நிற்கும்.

பதிவுக்கு முன் அணைக்க வேண்டியவை

படத்தை மெருகூட்டும் எல்லா வடிகட்டிகளையும் அணையுங்கள். பழைய டிவி போலக் கோடு போடுவது, ஓரத்தை வழவழப்பாக்குவது, மங்கலாக்குவது எல்லாமே ஸ்பிரைட்டின் ஓரப் பிக்சலை அடிநிறத்தோடு கலந்துவிடும். கலந்த பிறகு பிரிக்க முடியாது. திரையில் எழுத்தாக வரும் எமுலேட்டர் செய்திகள் பதிவில் சேராதபடி அந்த அமைப்பையும் பாருங்கள்.

பதிவு இழப்பில்லாத வடிவத்தில் இருக்க வேண்டும். எஃப்எஃப்வி1 நல்லது; பிரேம் ஒவ்வொன்றையும் பிஎன்ஜி படமாகச் சேமிப்பதும் நல்லது. பிஸ்ஹாக் இரண்டையும் செய்யும். இடம் அடைக்குமே என்று பயப்பட வேண்டாம். சூப்பர் ஃபேமிகாமின் 256×224 பிக்சலை எந்தச் சுருக்கமும் இல்லாமல் வைத்தால்கூட நொடிக்குப் பத்து எம்பியை ஒட்டித்தான் வரும், நிமிடத்துக்குச் சுமார் 620 எம்பி. தட்டையான நிறங்கள் கொண்ட கேம் படம் என்பதால் எஃப்எஃப்வி1 அதைப் பெருமளவு சுருக்கிவிடும்.

வழக்கமான எம்பி4 வேண்டாம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. அது வெளிச்சத்தை முழு அளவிலும் நிறத்தைப் பாதி அகலம், பாதி உயரத்திலும் வைக்கும். கல்யாண வீடியோவில் அது கண்ணுக்குத் தெரியாது. 256 பிக்சல் அகலப் படத்தில் நிறத்துக்கு 128 தான் மிஞ்சும். ஒரு பிக்சல் தடிமனுள்ள சிவப்புக் கோடு பக்கத்துப் பிக்சலுக்குள் கசியும். அண்ணன் மகன் கொண்டு வந்த கோப்பு அந்த வகைதான். அதில் ஓரம் சுத்தமாக வராது, யார் உட்கார்ந்தாலும் வராது.

மாஸ்க் எடுப்பது

ஸ்பிரைட் மட்டும் இருக்கும் ஓட்டம் கையில் இருக்கிறது. எந்தப் பிக்சல் ஸ்பிரைட், எது வெறும் அடிநிறம் என்று சொல்லும் கறுப்பு வெள்ளை மாஸ்க் வேண்டும்.

அடிநிறத்தை நாமே மாற்ற முடிகிற இயந்திரங்களில் இது மிக எளிது. பிஸ்ஹாக்கில் ஃபேமிகாமுக்கும் மெகா டிரைவுக்கும் அந்த வசதி உண்டு. ஸ்பிரைட் ஓட்டத்தை இரண்டு முறை எடுங்கள்: ஒரு முறை அடிநிறம் கருஞ்சிவப்பு, மறுமுறை பச்சை. இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்று வைத்து வித்தியாசம் பாருங்கள். மாறிய பிக்சல் எல்லாம் காலி இடம், மாறாதது எல்லாம் ஸ்பிரைட். நாயகனின் சட்டையே பச்சையாக இருந்தாலும் கவலையில்லை, ஏனென்றால் இங்கே நிறத்தை யாரும் தேடவில்லை. ஃபேமிகாமில் இந்த முறையைப் பின்னணிக்குச் செய்து பாருங்கள், கேமின் உள்வேலை தெரியும். சூப்பர் மாரியோ பிரதர்ஸின் நீல வானம் என்பது வெறும் அடிநிறம்தான். அடிநிறத்தை மாற்றிய நொடியில் வானம் மாறி, மேகமும் புதரும் குழாயும் மட்டும் அப்படியே நிற்கும்.

சூப்பர் ஃபேமிகாமுக்கு நான்கு ஓட்டம் எடுக்கிறேன்: எல்லாம் தெரிவது, ஸ்பிரைட் மட்டும் மறைந்தது, ஸ்பிரைட் மட்டும் தெரிவது, எதுவுமே தெரியாமல் அடிநிறம் மட்டும் இருப்பது. மூன்றாவதையும் நான்காவதையும் ஒப்பிட்டால் ஒரு மாஸ்க் கிடைக்கும். அதில் அடிநிறத்தோடு ஒத்துப்போகும் கறுப்புக் கோடுகள் விடுபட்டிருக்கும். முதலாவதையும் இரண்டாவதையும் ஒப்பிட்டால் இன்னொரு மாஸ்க் கிடைக்கும். இங்கே ஸ்பிரைட்டுக்குப் பின்னால் புல்லும் செங்கல்லும் இருப்பதால் கறுப்புக் கோடு தனித்துத் தெரியும். இரண்டு மாஸ்க்கையும் கூட்டிவிடுங்கள். மீசையும் காலணியும் திரும்பி வந்துவிடும். பின்னணியும் கறுப்பாக, அதன் மேல் கோடும் கறுப்பாக இருக்கும் இருட்டுக் குகைக் காட்சியில் மட்டும் சில பிக்சல்கள் விடுபடும். அங்கே கையால் நிரப்ப வேண்டும், அல்லது அதே அசைவு வெளிச்சமான கட்டத்தில் வரும் இடத்திலிருந்து எடுக்க வேண்டும்.

வித்தியாசத்தை மாஸ்க்காக மாற்றும்போது ஒரு நுணுக்கம். பலர் வித்தியாசப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பிறகு எல்லை வைப்பார்கள். கறுப்பு வெள்ளைக் கணக்கில் நீலத்துக்கு மதிப்பு மிகக் குறைவு, பத்தில் ஒரு பங்கை ஒட்டித்தான். நீலத்தில் மட்டும் ஒரு படி வேறுபடும் பிக்சல் அந்தக் கணக்கில் பூஜ்யத்துக்குப் போய்விடலாம். ஆகவே சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் எது பெரிதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். பூஜ்யத்துக்கு மேல் எதுவாக இருந்தாலும் முழு வெள்ளை. ஓரத்தை மென்மையாக்க வேண்டாம். இந்தப் படங்களின் ஓரத்தில் பாதி தெரியும் பிக்சல் என்று ஒன்று இல்லை.

தகராறு செய்யும் இடங்கள்

முதல் தகராறு, ஒரே அடுக்கு ஆளுக்கு முன்னாலும் பின்னாலும் இருப்பது. சூப்பர் ஃபேமிகாமிலும் மெகா டிரைவிலும் பின்னணியின் ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்னுரிமை உண்டு. ஒரே அடுக்கில் தரை பின்னாலும் தூண் முன்னாலும் இருக்கும். ஸ்பிரைட்டைப் பிரித்து அந்த அடுக்கின் மேல் வைத்தால் ஆள் தூணுக்கு முன்னால் நடப்பான். இதற்கு அந்த அடுக்கும் ஸ்பிரைட்டும் சேர்ந்து தெரியும் ஓட்டம் ஒன்றைக் கூடுதலாக எடுங்கள். அதில் ஸ்பிரைட் எங்கே மறைந்திருக்கிறதோ அங்கே தூண் முன்னால் இருக்கிறது என்று பொருள். புதிய பின்னணியில் தூண் வேண்டாம் என்றால் இந்தத் தொல்லையே இல்லை. ஸ்பிரைட் மட்டும் இருக்கும் ஓட்டத்தில் ஆள் முழுதாகத்தான் இருப்பான். தூணுக்குப் பின்னால் மறைந்த கையையும் காலையும் அதில் பார்க்கலாம். அறுத்தெடுக்கும் வழியில் அது ஒரு நாளும் கிடைக்காது.

இரண்டாவது, கண்ணாடி போலத் தெரியும் தண்ணீரும் மூடுபனியும். சூப்பர் ஃபேமிகாம் இதற்காக முதன்மைத் திரை, துணைத் திரை என்று இரண்டு படங்களைத் தயாரித்து அவற்றின் நிறங்களைக் கூட்டுகிறது, அல்லது கழிக்கிறது, வேண்டுமானால் பாதியாக்குகிறது. துணைத் திரையில் அந்த இடம் காலியாக இருந்தால் பாதியாக்குவது நடக்காது. ஆகவே தண்ணீருக்குப் பின்னாலிருக்கும் அடுக்கை மறைத்தால் தண்ணீர் முன்பைவிட வேறு நிறத்தில் தெரியும். எமுலேட்டர் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். அதுதான் கலக்காத தண்ணீர். எடிட்டிங்கில் அதைப் பாதி ஒளிபுகும்படி வைத்தால் பழைய தோற்றம் வரும். பாதியாக்காமல் வெறுமனே கூட்டும் கேம் என்றால் கூட்டும் கலப்பு முறையில் வையுங்கள். நிழலுக்குக் கழிக்கும் முறை. மென்பொருளில் ஒளிக்கணக்கை நேர்கோட்டு முறைக்கு மாற்றும் வசதி இயங்கிக்கொண்டிருந்தால் அணைத்துவிடுங்கள். பழைய இயந்திரம் நிற எண்களை அப்படியேதான் கூட்டியது.

சில கேம்களில் ஓர் அடுக்கு துணைத் திரையில் மட்டும் இருக்கும். அதன் ஜோடியை மறைத்தால் இதுவும் சேர்ந்து காணாமல் போகலாம். அப்போது பிஸ்ஹாக்கில் இருக்கும், படம் உருவாகும் உள்விவரங்களைக் காட்டும் சூப்பர் ஃபேமிகாம் கிராபிக்ஸ் டீபக்கரைத் திறந்து அந்த அடுக்கைத் தனிப் படமாகப் பார்த்து எடுத்து, நகர்வை எடிட்டிங்கில் நீங்களே கொடுக்க வேண்டும். பொறுமை வேண்டிய வேலை, ஆனால் முடியும்.

மெகா டிரைவில் அந்த மாதிரிக் கலப்பு இல்லை. சோனிக்கின் அருவியை உற்றுப் பாருங்கள், ஒரு கோடு தண்ணீர், ஒரு கோடு காலி என்று செங்குத்தாக இருக்கும். பழைய டிவியின் மஞ்சள் ஒயர் வழியாகப் போகும்போது அந்தக் கோடுகள் குழைந்து கண்ணாடி போலத் தெரிந்தன. மாஸ்க் எடுக்கும்போது கோடுகளை அப்படியே விடுங்கள். குழைக்க வேண்டுமென்றால் எல்லாம் சேர்த்து முடித்த பிறகு கடைசியில் செய்யலாம்.

ஃபேமிகாமில் வேறு மாதிரி. பெரிய எதிரிகளை ஸ்பிரைட்டால் வரைந்தால் ஒரு வரிக்கு 8 என்ற வரம்பு தாங்காது. ஆகவே பின்னணி அடுக்கிலேயே எதிரியை வரைந்து, சுற்றிலும் கறுப்பாக விட்டு, அடுக்கு முழுவதையும் நகர்த்துவார்கள். மெகா மேன் 2-இல் வரும் பெரிய டிராகன் அப்படித்தான். இங்கே டிராகனை எடுக்கப் பின்னணி ஓட்டத்தைத்தான் பார்க்க வேண்டும். ஸ்பிரைட் மின்னுவதை நிறுத்த வரம்பைத் தூக்கும் வசதி எமுலேட்டரில் உண்டு. அதை யோசித்துப் பயன்படுத்துங்கள். காசில்வேனியா 2-இல் நாயகன் சேற்றில் புதைவதுபோலக் காட்ட, வேண்டுமென்றே காலி ஸ்பிரைட்டுகளை அந்த வரியில் நிரப்பிக் கால்களை மறைக்கிறார்கள். வரம்பைத் தூக்கினால் கால்கள் வெளியே வந்துவிடும்.

சேர்த்துப் பார்ப்பது

எல்லா அடுக்கையும் மாஸ்க்கோடு பழைய வரிசையில் அடுக்கி, அதன் மேல் முதல் ஓட்டத்தை வித்தியாச முறையில் வையுங்கள். கலப்பு நிறங்கள் இல்லாத கேமில் திரை முழுவதும் கறுப்பாக இருக்க வேண்டும். எங்காவது வெளிச்சம் தெரிந்தால் அங்கே ஓர் அடுக்கு விட்டுப்போயிருக்கிறது, அல்லது முன்னுரிமை மாறியிருக்கிறது. கலப்பு உள்ள கேமில் நிறம் ஒரு படி வித்தியாசப்படலாம், அதை விட்டுவிடலாம். இந்தச் சோதனை செய்யாமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள்.

இனி புதிய பின்னணி. ஏற்காடு போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் பக்கத்து மரம் பின்னால் பறக்கும், எதிர் மலை நகராதது போல இருக்கும். கேமும் அதையே செய்கிறது. எந்த அடுக்கு எவ்வளவு வேகம் என்பதை அந்தந்த ஓட்டத்திலேயே அளந்துவிடலாம். தரை அடுக்கில் ஒரு கல்லையும் குன்று அடுக்கில் ஒரு முனையையும் பிடித்து, 60 பிரேமில் எத்தனை பிக்சல் நகர்ந்தன என்று பாருங்கள். எங்கள் காட்சியில் குன்று தரையின் பாதி வேகத்தில் போனது. ஆகவே சில்வர் ஓக் வரிசைக்குத் தரையின் வேகம், மலைப்பாதைச் சரிவுக்குப் பாதி, நீல முகட்டுக்குக் கால் என்று வைத்தோம். கணக்கில் அரைப் பிக்சல், கால் பிக்சல் வரும். கீழ்நோக்கி முழு எண்ணாக்கிவிடுங்கள். பழைய இயந்திரத்தில் அரைப் பிக்சல் நகர்வு கிடையாது. அதை விட்டுவைத்தால் மலை மட்டும் வழுக்கிக்கொண்டு போகும், நாயகனோடு ஒட்டாது.

பெரிதாக்குவது எல்லாவற்றுக்கும் கடைசி. அருகிலுள்ள பிக்சலை அப்படியே நகலெடுக்கும் முறையில்தான் பெரிதாக்க வேண்டும். வீடியோ மாற்றும் மென்பொருளான எஃப்எஃப்எம்பெக்கில் அதற்கு நெய்பர் என்று பெயர். ஃபேமிகாம், சூப்பர் ஃபேமிகாம் பிக்சல் சதுரமில்லை, அகலம் 8, உயரம் 7 என்ற விகிதம். ஆகவே அகலத்தை எட்டு மடங்கும் உயரத்தை ஏழு மடங்கும் ஆக்கினால் 2048×1568 என்று கணக்காக வரும். கேம் பாய் அட்வான்ஸ் பிக்சல் சதுரம், இரண்டு பக்கமும் ஒரே மடங்கு. இந்த அளவுக்குப் பெரிதாக்கிய பிறகு எம்பி4 ஆக்கினால் நிறக் கசிவு கண்ணுக்குத் தெரியாது.

ஒலி விலகாமல் இருக்க இன்னொரு கவனிப்பு. சூப்பர் ஃபேமிகாம் நொடிக்கு 60.0988 பிரேம் தருகிறது. எடிட்டிங்கில் அதை 60 என்று வைத்தால் பத்து நிமிடக் காட்சியில் படம் ஒலியைவிட ஏறத்தாழ ஒரு நொடி பின்தங்கும். குறும்காட்சிக்குப் பரவாயில்லை. நீண்ட காட்சிக்கு ஒலியையும் அதே விகிதத்தில் இழுத்துவிடுங்கள். சுருதி மாறுவது காதுக்குத் தெரியாத அளவுதான்.

வெளியிடுவதாக இருந்தால் ஒன்று சொல்ல வேண்டும். கேமின் ஓவியங்கள் அதை உருவாக்கியவர்களின் சொத்து. இது எப்படி வேலை செய்கிறது என்று விளக்கும் காட்சிக்கு எடுப்பது வேறு, நாயகனை எடுத்து வைத்து வேறொரு கேமோ விளம்பரமோ செய்வது வேறு. பழகுவதற்கு 240பி டெஸ்ட் சூட் என்ற இலவசச் சோதனை மென்பொருள் நல்லது. ஃபேமிகாம், சூப்பர் ஃபேமிகாம், மெகா டிரைவ் மூன்றுக்கும் கிடைக்கிறது, நகரும் பின்னணிகளும் அதில் இருக்கின்றன.

கேசட் போடும் டிவி கேமிலிருந்து எடுக்க முடியுமா

வீட்டில் பரணில் கிடக்கும் டிவி கேம் பெட்டியைக் கொண்டு வந்து கேட்கிறவர்கள் உண்டு. அது ஃபேமிகாமின் நகல். மஞ்சள் ஒயரில் வெளியே வரும் படம் ஏற்கெனவே ஒட்டப்பட்டது. அந்த ஒயரிலிருந்து அடுக்கு எதுவும் பிரியாது. செய்யக்கூடியது ஒன்று உண்டு. திரை நகராத காட்சியில் பின்னணியை மட்டும் மீட்கலாம். காட்சியில் இடைவெளி விட்டுப் பல பிரேம்களை எடுத்து, ஒவ்வொரு பிக்சலுக்கும் அவற்றின் நடுமதிப்பைக் கண்டுபிடித்தால் நகரும் ஆட்கள் தானாகக் கரைந்து பின்னணி நிற்கும். எந்த இடத்திலும் ஆள் பாதி நேரத்துக்கு மேல் நின்றிருக்கக் கூடாது என்பதுதான் நிபந்தனை. ஆகவே ஆடும்போது ஓரிடத்தில் நிற்காமல் ஓடிக்கொண்டே இருங்கள்.

பதிவு செய்யும் யுஎஸ்பி கருவியின் மென்பொருளில் டீஇன்டர்லேஸ் என்ற அமைப்பைக் கட்டாயம் அணையுங்கள். இந்தப் பெட்டிகள் ஒவ்வொரு முறையும் முழுப் படத்தைத்தான் அனுப்புகின்றன. கருவியோ இரண்டு அரைப்படங்கள் வருவதாக நினைத்து இரண்டு பிரேம்களைப் பின்னிவிடும். ஒரு பிரேம் விட்டு ஒரு பிரேம் மின்னும் ஸ்பிரைட் அதில் சீப்புப் பல் போலக் கிழிந்துவிடும், அல்லது மறைந்தே போகும். நம் ஊர் டிவிக்காக வந்த பெட்டிகளில் பெரும்பாலானவை நொடிக்கு 50 படம் தரும் பால் (PAL) முறை. பின்னிய அந்த அரைப்படங்களைத் தனித்தனியாகப் பிரித்து நொடிக்கு 50 படமாக எடுத்துக்கொண்ட பிறகு நடுமதிப்பு வேலையைத் தொடங்குங்கள்.